ஹனிபுஷ் பறிக்கப்படுவதில்லை, வெட்டப்படுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரில், மலபார் என்று பெயர் கொண்ட பகுதியில், இருபத்திரண்டு ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்திவரும் தென்காசிக்காரன் நான். (2021இல் அரசு இந்நகருக்குக் கெபேஹா என்று பெயர் மாற்றியது. அந்தப் பெயரின் தொடக்கத்தில் வரும் நாச்சொடுக்கு என் வாயில் இன்னும் படியாததால் பழைய பெயரையே எழுதுகிறேன்.) சென்ற மாதம் ஊரிலிருந்து வந்த என் மைத்துனர், அப்பளக் கட்டுகளுக்கும் மாவடு ஜாடிக்கும் நடுவே செருகிக் கொண்டுவந்த தங்கள் ஞாயிறு இணைப்பில், இந்நாட்டு மலைகளில் விளையும் ஹனிபுஷ் என்னும் மூலிகைத் தேநீரைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை கண்டேன். நாள்தோறும் நிறுத்துப் பொட்டலம் கட்டி விற்கும் ஒரு சரக்கைப் பற்றித் தாய்மொழியில் படிக்கக் கிடைத்தது என்று ஆவலோடுதான் உட்கார்ந்தேன். படித்து முடித்தபோது கவலைதான் மிஞ்சியது.

கட்டுரையில் பிழைகள் சில உண்டு. பெயர்க் குழப்பம், படக் குழப்பம் போன்றவற்றைத் திருத்திக்கொள்வது எளிது. ஆனால், இது மலையில் யாரும் நடாமல் தானாக விளைவது, வேண்டும்போதெல்லாம் இலையைப் பறித்துக்கொள்ளலாம், செலவில்லாத செல்வம் என்ற பொருள்பட அதில் எழுதியிருப்பது அந்தச் செடியின் உயிரோடு தொடர்புடைய பிழை. அதைத் திருத்தவே இக்கடிதம். சற்று நீளமாகப் போனால் பொறுத்தருள வேண்டும். கடைக்காரன் எழுதும் கடிதம் என்பதால் சரக்கின் தரம் பற்றிய பேச்சு கூடுதலாகவே இருக்கும்.

எளிய பிழையை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டுரை சொல்வது போல், ஹனிபுஷ் என்பது இந்நாட்டின் இன்னொரு மூலிகைத் தேநீரான ரூய்போஸின் மறுபெயர் அன்று. ரூய்போஸ் இங்கிருந்து வெகு மேற்கே, கேப் டவுனுக்கும் வடக்கே, செடர்பெர்க் மலைகளை ஒட்டிய கிளான்வில்லியம் ஊரைச் சுற்றி விளைவது. அதன் இலை ஊசி போன்றது. பெரும்பகுதி வயலில் வரிசையாகப் பயிரிடப்படுகிறது. தாங்கள் அச்சிட்டிருந்த படத்தில் இருப்பது அந்தச் செடிதான். ஹனிபுஷ் வேறு பேரினம். தாவரவியலார் அதைச் சைக்ளோபியா என்பார்கள். அதில் ஏறத்தாழ 23 இனங்கள் இருப்பதாகக் கணக்கு. அவை அனைத்தும் மேற்கு கேப், கிழக்கு கேப் ஆகிய இரு மாகாணங்களில், ஃபைன்போஸ் எனப்படும் புதர்க்காட்டு நிலத்தில் மட்டுமே இயற்கையாக வளர்கின்றன. ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள், வசந்தத்தில் மலை முழுக்கத் தேன் மணக்கச் செய்யும் மஞ்சள் பூக்கள். பெயரில் தேன் இருப்பது அந்த மணத்தால்தானே தவிர, தேனடைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ரூய்போஸும் ஹனிபுஷ்ஷும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்ற மட்டில் உறவு உண்டு. அப்படிப் பார்த்தால் நம் ஆவாரையும் அதே குடும்பம்தான், அதே மஞ்சள் பூதான். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் நடைமுறைக்கு வந்த பொருளாதார ஒப்பந்தத்தில்கூட, காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் பாதுகாப்பு இருப்பது போல, இவ்விரண்டு தேநீர்களின் பெயர்களுக்கும் தனித்தனியே பாதுகாப்பு வாங்கியிருக்கிறார்கள்.

ஹனிபுஷ் என்ற ஒரே பெயரில் கடைக்கு வருபவையும் ஒன்றல்ல. ஈரம் மிகுந்த தாழ்ந்த சரிவுகளில் வளரும் இனத்தை ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் வ்லேய்தீ என்பார்கள். வ்லேய் என்றால் சதுப்பு. கடலோர மணலில் வளர்வது இன்னொன்று. எங்கள் பகுதியில் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொதிக்கவைத்துக் குடித்துவருவது பெர்க்தீ, அதாவது மலைத்தேநீர். இதன் தாவரப் பெயர் சைக்ளோபியா இன்டர்மீடியா. ஸ்வார்ட்பெர்க், கௌகா, பவியான்ஸ்க்லூஃப், சித்சிகாமா என்று கிழக்கு மேற்காக நீளும் மலைத்தொடர்களில் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலிருந்து 1,700 மீட்டர் வரை இது வளர்கிறது. கிழக்கு எல்லை எங்கள் நகரத்து வாசலில் இருக்கும் வான் ஸ்டேடன்ஸ் மலை. வ்லேய்தீயைத் தோட்டங்களில் பயிராக்கிவிட்டார்கள். பெர்க்தீ பெரும்பாலும் இன்றும் காட்டிலிருந்துதான் வருகிறது. சந்தைக்கு வரும் ஹனிபுஷ்ஷின் பெரும்பகுதி இவ்வாறு மலையிலிருந்து வெட்டப்பட்டது என்பதைத் தங்கள் கட்டுரையாளர் பெருமையாகக் குறிப்பிட்டிருக்கிறார். எனக்கு அச்சம் தருவது அதுவேதான்.

வெட்டப்பட்டது என்று நான் எழுதியது எழுத்துப்பிழை அன்று. நீலகிரியிலோ வால்பாறையிலோ இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளிக் கூடையில் போடுவதைப் பார்த்துப் பழகிய நமக்குத் தேநீர் என்றதும் பறித்தல் என்ற சொல் தானாக வந்துவிடுகிறது. இங்கே யாரும் இலை பறிப்பதில்லை. கருக்கரிவாளால் பெர்க்தீச் செடியை அடியோடு, தரையை ஒட்டி அறுக்கிறார்கள். இலை, தண்டு, பூக்காலமானால் பூ எல்லாம் சேர்ந்து கட்டாகிறது. செடி இருந்த இடத்தில் மண்ணுக்கு மேல் விரற்கடை உயரக் கட்டைதான் நிற்கும்.

அறுத்த செடி சாவதில்லை. பெர்க்தீக்கு மண்ணுக்குள் மரம் போல் இறுகிய வேர்க்கட்டை ஒன்று உண்டு. ஃபைன்போஸ் காடு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை தீப்பிடித்து எரிவது இயற்கை. அந்தத் தீயில் மேலே உள்ளதெல்லாம் கருகினாலும் இந்தக் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும்படி செடி தன்னைப் பழக்கி வைத்திருக்கிறது. அரிவாளையும் அது ஒரு தீயாகவே எடுத்துக்கொள்கிறது போலும். ஆனால் துளிர்ப்பதற்கு வேண்டிய சத்து அந்தக் கட்டைக்குள் சேமிப்பாக இருக்க வேண்டும், செலவான சேமிப்பு மறுபடி நிரம்ப ஆண்டுகள் ஆக வேண்டும். ஒருமுறை அறுத்த செடியை மூன்று நான்கு ஆண்டுகள் தொடக்கூடாது என்பது மலையில் வழிவழியாக வரும் கணக்கு. ஆண்டுதோறும் அறுத்தால் கட்டை இளைக்கும், துளிர் மெலியும், ஒருநாள் துளிர் வராமலே போகும். வ்லேய்தீயின் கதை வேறு. அதற்கு இந்த வேர்க்கட்டை கிடையாது. தீயில் செடி மாண்டு, விதையிலிருந்துதான் மறுபிறவி. ஆகவே அதைத் தரையோடு அறுத்தால் தீர்ந்தது கதை. இலையோடு கூடிய கிளைகளை விட்டுவைத்து மேலே மட்டும் கத்தரிப்பார்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே மாதிரி பறித்துக்கொள்ளலாம் என்று எழுதுவது, வாழையையும் தென்னையையும் ஒரே மாதிரி அடியில் வெட்டி அறுவடை செய்யலாம் என்று சொல்வதற்குச் சமம்.

இவற்றை நான் நூல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நட்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கடை தொடங்கிய ஐந்தாம் ஆண்டோ ஆறாம் ஆண்டோ, ஒரு காலை நேரத்தில், பக்கி எனப்படும் இவ்வூர்ச் சிறு சரக்கு வண்டியில் எட்டு மூட்டை பெர்க்தீயோடு ஓர் ஆள் வந்து நின்றார். வழக்கமான விலையில் பாதிக்கும் கொஞ்சம் மேல்தான் கேட்டார். காட்டில் வெட்டுவதற்கும் வெட்டியதை ஏற்றிச்செல்வதற்கும் மாகாண அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சீட்டு எங்கே என்று நான் கேட்கவில்லை. மலிவாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று வாங்கி அடுக்கிவிட்டேன்.

எங்கள் தெருவில் எண்பது வயதைக் கடந்த ஓர் ஆயா இருக்கிறார். அவருடைய பாட்டனார் நேட்டால் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடித்து இந்நகருக்கு வந்தவர். குடும்பம் துறைமுகத்தை ஒட்டிய சவுத் எண்ட் பகுதியில் வாழ்ந்து, இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு மலபாருக்கு வந்தது. தமிழ் அவருக்குச் சமையலறை அளவில் மட்டும் மிச்சமிருக்கிறது. ஆனால் பெர்க்தீ விஷயத்தில் அவர் நாக்குக்கு மேல் ஒரு சான்றிதழ் கிடையாது. அந்த மூட்டையிலிருந்து கால் கிலோ வாங்கிப்போனவர் மறுநாளே பொட்டலத்தைக் கொண்டுவந்து கல்லாவின் மேல் வைத்தார். "தம்பி, இது பெர்க்தீ இல்லே, வைக்கோல் தண்ணி" என்றார். நானும் வீட்டில் கொதிக்கவைத்துப் பார்த்தேன். நிறம் வந்தது, மணம் வரவில்லை. வாயில் வைத்தால் உலர்ந்த புல்லின் வெறுமைதான். எட்டில் ஏழு மூட்டையைக் கோழிக் கூண்டுக்குப் பரப்பக் கொடுத்துத் தீர்த்தேன்.

காரணம் கேட்டது எங்கள் கடைக்கு மாதம் ஒருமுறை வரும் லாங்க்லூஃப் பள்ளத்தாக்குக்காரர் ஒருவரிடம். எங்கள் ஊரில் மகள் வீட்டைப் பார்க்க வருபவர், வாழ்நாள் முழுதும் பெர்க்தீ வெட்டியவர். அவரை நான் ஊம் என்றுதான் அழைப்பேன். நம் மாமா போல வயதில் மூத்தவரை அழைக்கும் ஆப்பிரிக்கான்ஸ் சொல் அது. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, தண்டுத் துணுக்குகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாம் ஈர்க்குச்சி போல் மெல்லியதாக இருந்தது. இளங்கொம்பு, ஒரு வருடத் துளிர், இதில் தேன் ஏறியிருக்காது என்றார். பிறகு, இந்த இடம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், வருகிறாயா என்று கேட்டார்.

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போனோம். ஹியூமன்ஸ்டார்ப் தாண்டி, கரீடௌ தாண்டி, இருபுறமும் ஆப்பிள் தோட்டங்கள் நிற்கும் பள்ளத்தாக்குச் சாலை அது. ஒரு காலத்தில் இந்த ஆப்பிள்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர இரண்டடி அகலத் தண்டவாளத்தில் குட்டி ரயில் ஓடியது. நம் ஊட்டி ரயிலைவிடக் குறுகலானது. சாலை முடிந்த இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடை. காற்றில் தேன் மணம் வந்துவிட்டது, செடி இன்னும் கண்ணில் படவில்லை. ஒரு திருப்பத்தில் சரிவு முழுக்க மஞ்சளாக நின்றது. அதை ஒட்டிய அடுத்த சரிவு, மொட்டையடித்து நான்கு நாளான தலை போலக் கிடந்தது.

ஊம் அந்த மொட்டைச் சரிவில் மண்டியிட்டு ஒரு கட்டையைச் சுற்றி மண்ணை விலக்கினார். முழங்கை அளவு தடித்த கட்டை. அதன் மேல் பழைய வெட்டுக் காயம் கறுத்தும், அதற்கு மேல் புதிய வெட்டு வெளுத்தும் இருந்தது. இடையில் வளர்ந்திருந்த தண்டு சுண்டுவிரலைவிட மெலிது. இந்தக் கட்டை உன்னையும் என்னையும்விட மூத்ததாக இருக்கலாம், போன வருடம் வெட்டியவனே இந்த வருடமும் வந்திருக்கிறான் என்றார். பக்கத்தில் ஏழெட்டுக் கட்டைகளை அழுத்திப் பார்த்தார். இரண்டு உளுத்துப் பொடிந்தன. அந்த ஏழு மூட்டை வைக்கோல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது. விற்றவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று எழுத மாட்டேன். ஆனால் சீட்டைக் கேட்காமல் காசை எண்ணிக் கொடுத்தது என் கை.

அன்று அவர் வெட்டவில்லை. மஞ்சளாக நின்ற சரிவைக் காட்டி, இது போன தீக்குப் பிறகு மூன்றாவது ஆண்டு, இன்னும் ஓர் ஆண்டு போகட்டும், அப்போதும் எல்லாவற்றையும் வெட்டக்கூடாது, விதைக்கென்று சிலவற்றை விட வேண்டும் என்றார். முன்பெல்லாம் பூவோடு சேர்த்து வெட்டினால்தான் சுவை என்று பூக்காலத்திலேயே வெட்டிவிடுவார்களாம். பூவோடு போனால் விதை ஏது? இந்த விதையைப் பற்றி ஒரு செய்தி. அதன் முனையில் எறும்புக்குப் பிடித்த சிறு கொழுப்புத் துணுக்கு ஒன்று ஒட்டியிருக்கும். அதற்காக எறும்பு விதையைப் புற்றுக்குள் இழுத்துச் சென்று, துணுக்கைத் தின்றுவிட்டு, விதையை மண்ணுக்குள்ளேயே போட்டுவிடுகிறது. ஓடு கல் போன்றது. அடுத்த தீ வரும்வரை பத்திரமாகக் கிடக்கும்.

வெட்டியதைத் தேநீராக்கும் வேலையையும் வேறொரு முறை அவர் வீட்டு முற்றத்தில் பார்த்தேன். தங்கள் கட்டுரையில் இதற்கு ஒன்றரை வரிதான் கிடைத்திருக்கிறது. பச்சையாக இருக்கும் செடிக்கு அந்த மணம் கிடையாது. பூவில் மணக்கும் தேன் இலையில் பிறக்க வேண்டுமானால் அதைச் சூட்டில் வைத்துப் பழுக்கவைக்க வேண்டும். வெட்டிய செடிக் கட்டுகளைச் சிறு துணுக்குகளாக நறுக்கி, தண்ணீர் தெளித்து, குவியலாகக் குவித்து, சாக்குகளால் மூடிவைப்பார்கள். குவியல் தானாகவே உள்ளுக்குள் சூடேறும். மறுநாள் சாக்கைத் தூக்கியபோது வைக்கோற்போரைப் பிரித்தால் வருவது போல ஆவி எழுந்தது. கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டேன், சுட்டது. நடுவே எடுத்த பிடி பழுப்பாகிவிட்டது, ஓரத்துப் பிடி இன்னும் பச்சை. இரண்டையும் மூக்கருகே கொண்டுபோனபோதுதான் அதுவரை இலைதழை வாடையாக இருந்தது வெல்லப்பாகு மணமாக மாறுவதை அறிந்தேன். ஓரத்தை நடுவுக்கும் நடுவை ஓரத்துக்குமாகப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு போதாத இடத்தில் பூஞ்சை பிடித்துவிடும். இந்தத் தொல்லையால்தான் வணிகத்துக்குச் செய்பவர்கள் இப்போது சூட்டை அளந்து வைக்கும் கலன்களுக்கு மாறிவிட்டார்கள். 70 பாகை செல்சியசில் இரண்டரை நாள், அல்லது 90 பாகையில் ஒன்றரை நாள் என்பது அங்கே உள்ள கணக்கு. பிறகு வெயிலில் துணி விரித்துக் காயப்போடுவது நாம் வற்றல் போடுவதைப் போலத்தான்.

இந்த இடத்தில்தான் மருத்துவக் குணம் பற்றிய பேச்சும் வருகிறது. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழியைத் தலைப்புக்கடியில் போட்டு, சர்க்கரை நோயை ஹனிபுஷ் தீர்த்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதற்கு ஆதாரமாக அவர் சொல்வது இதில் உள்ள மாஞ்சிஃபெரின் என்ற பொருளை. பெயரைப் பார்த்தாலே தெரியும், அது மாமரத்தின் தாவரப் பெயரிலிருந்து வந்தது. நாம் வாசலில் தோரணம் கட்டும் மாவிலையிலும் அது இருக்கிறது. அதைப் பற்றி ஆய்வகங்களில் ஆராய்ச்சி நடப்பது உண்மை. ஆனால், நான் மேலே சொன்ன அந்தப் பழுக்கவைக்கும் சூட்டிலேயே அதன் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது என்பதும் அதே ஆராய்ச்சிகள் கண்ட உண்மைதான். பச்சையாகவே உலர்த்திய ஹனிபுஷ்ஷில் அது மிகுதி, தேன்மணம் குறைவு. பழுப்புத் தேநீரில் தேன்மணம் மிகுதி, அது குறைவு. இரண்டும் ஒரே குவளையில் கிடைக்கும் என்று எழுதுவது சரியன்று. அதை நம்பி ஊரில் யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

இதற்காக இத்தேநீரின் அருமையைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். இதில் காஃபீன் இல்லை. துவர்ப்பு மிகக் குறைவு என்பதால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் கசக்காது. மார்ச்சளிக்கும் இருமலுக்கும் கேப் பகுதி மக்கள் இதைக் குடித்ததாக 1830ஆம் ஆண்டிலேயே குறிப்பு உண்டு. 1772இல் கேப்புக்கு வந்த ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் துன்பெர்க் இதன் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு வெகு காலம் முன்பே இந்த மலைகளை அறிந்திருந்தவர்கள் கொய், சான் என்னும் தொல்குடி மக்கள். எழுதி வைத்தவர் பெயர் நிற்கிறது, சொல்லிக் கொடுத்தவர் பெயர் நிற்பதில்லை. ரூய்போஸ் விஷயத்தில் 2019இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டு, பண்ணை விலையில் நூற்றுக்கு 1.5 பங்கு அம்மக்களுக்குச் சேர வழி செய்யப்பட்டது. தங்கள் கட்டுரையில் இந்த மக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அரிவாள் பிடிக்கும் கூலிக்காரரைப் பற்றியும் இல்லை.

தயாரிக்கும் முறையிலும் ஒரு திருத்தம். பச்சைத் தேயிலைப் பொட்டலம் போல வெந்நீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுத்தால் ஹனிபுஷ் நிறம் மட்டுமே தரும். லாங்க்லூஃப் வீடுகளில் கெட்டில் காலையில் அடுப்பேறினால் ஓரத்திலேயே நாள் முழுதும் இளஞ்சூட்டில் கிடக்கும். வருகிறவர் ஊற்றிக்கொள்ள, குறைந்தால் தண்ணீரும் ஒரு பிடி இலையும் சேர்ப்பார்கள். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் பதினைந்து இருபது நிமிடம் சிறுதீயில் கொதிக்க வேண்டும். எங்கள் தெரு ஆயா தட்டிய இஞ்சியும் இரண்டு மிளகும் போடுவார். என் மனைவி கருப்பட்டி போடுகிறாள். பால் சேர்க்கலாமா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. சேர்க்கக்கூடாது என்பது என் கட்சி.

இனி, கட்டுரையின் இறுதியில் உள்ள யோசனைக்கு வருகிறேன். இச்செடியை நீலகிரிக்குக் கொண்டுபோய்ப் புல்வெளிகளில் தூவிவிட்டால் மலைவாழ் மக்களுக்கு வருமானமாகும் என்கிறார் கட்டுரையாளர். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இச்செடி, சத்து வற்றிய அமில மண்ணில், அந்த மண்ணுக்கே பழகிய நுண்ணுயிர்கள் வேர் முடிச்சுகளில் தங்கி ஊட்டினால் வாழும் செடி. தூவினால் முளைப்பதற்கு அது கீரை விதை அன்று. அதைவிட முக்கியமாக, நீலகிரிக்கு இத்தகைய விருந்தாளி ஒருவர் வந்து பட்ட பாடு போதும். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரம் அங்கே புல்வெளிகளை மூடியது போலவே, அதே மரம் இங்கே லாங்க்லூஃப்பின் ஓடைக்கரைகளையும் மலைச்சரிவுகளையும் மூடிக்கொண்டிருக்கிறது. எங்கள் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆறுகளில் சில அந்த மலைகளில் பிறக்கின்றன. அந்நீரை இம்மரங்கள் உறிஞ்சிக் குடிப்பதால் அவற்றை வெட்டி அகற்றவே 1995இலிருந்து அரசு தனித்திட்டம் நடத்திக் கூலி கொடுத்து வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அணைகள் வறண்டு, நாங்கள் குடத்தோடு வரிசையில் நின்றபோது சீகையின் பெயர் எல்லார் வாயிலும் அடிபட்டது. இந்த மலைச்செடியை அந்த மலைக்கும், அந்த மலைச்செடியை இந்த மலைக்கும் மாற்றி நடும் ஆசையை நம் காலத்திலாவது விட்டுவிடலாம் என்பது என் தாழ்மையான கருத்து. நீலகிரி மக்களுக்கு வருமானம் வேண்டுமென்றால் நீலகிரியின் சொந்தச் செடிகளில் எதைப் பற்றியாவது அடுத்த வாரம் எழுதட்டும், விருப்பத்தோடு படிப்பேன்.

ஊரில் இப்போது ஹனிபுஷ் கிடைக்கத் தொடங்கியிருப்பதாக மைத்துனர் சொன்னார். தங்கள் கட்டுரையைப் படித்தவர்களில் நூறு பேர் கடையில் கேட்டாலும் அந்தக் கேள்வி கடைசியில் வந்து நிற்பது கௌகா மலைச்சரிவில் ஒருவர் கையிலுள்ள அரிவாளில்தான். ஆகவே வாங்குகிறவர்கள் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, எந்த இனம், தோட்டத்தில் விளைந்ததா, மலையில் வெட்டியதா என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கட்டும். எழுதாவிட்டால் கடைக்காரரைக் கேட்கட்டும். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கும் முதலில் தெரியாது. கேட்கிறவர்கள் நாலு பேர் வந்த பிறகுதான் நானும் சீட்டில்லாத மூட்டையை இறக்குவதை நிறுத்தினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பொட்டலத்துக்குள் தண்டுத் துணுக்குகள் இருந்தால் கலப்படம் என்று நினைத்துச் சண்டை போடவும் வேண்டாம். தண்டு சேர்ந்ததுதான் பெர்க்தீ. எல்லாத் தண்டும் ஈர்க்குச்சியாக இருந்தால் மட்டும் சந்தேகப்படலாம்.

இக்கடிதத்தை முழுமையாக வெளியிட இடமில்லையென்றால், வேண்டும்போதெல்லாம் இலை பறித்துக்கொள்ளலாம் என்ற அந்த ஒரு வரிக்காவது திருத்தம் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ரூய்போஸ் படத்துக்குப் பதிலாகப் பயன்படுத்திக்கொள்ள இரண்டு புகைப்படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். முதலாவது, பூத்து நிற்கும் பெர்க்தீ. இரண்டாவது நான் மேலே எழுதிய அந்த மொட்டைச் சரிவு, மூன்று ஆண்டு கழித்து ஊம் என்னை மறுபடி அழைத்துச் சென்றபோது எடுத்தது. இடப்பக்கம் பச்சையாகத் தெரிவது பிழைத்துத் துளிர்த்த கட்டைகள். வலப்பக்கம் சாம்பல் நிறத்தில் கிடப்பவை துளிர்க்காதவை. நடுவே தொப்பியோடு நிற்பவர் அவர்தான். முகம் தெரியவேண்டாம் என்று சொல்லித் திரும்பி நின்றுகொண்டார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன், மளிகைக் கடைக்காரன்,
மலபார், போர்ட் எலிசபெத்.